சிட்டி யாரிடம் கேட்டது?

தீப்பிடித்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் சிட்டி என்ற இயந்திர மனிதன் நுழைகிறது. சிக்கியிருப்பவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே கொண்டுவருகிறது. குளித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியையும், உடுத்தத் துணியில்லாத நிலையிலேயே, கூட்டத்தின் முன்னாலும் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் கூசிக் குறுகி ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். 2010 அக்டோபர் 1 அன்று வெளியான ‘எந்திரன்’ படத்தில் இந்தக் காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பற்றிய பேச்சு முடியவில்லை.

மலேசியத் தமிழர்களுக்கு ‘எந்திரன்’ வெளியூர்ப் படமாக இருந்ததில்லை. அதன் பாடல் வெளியீட்டு விழா 2010 ஜூலை 31 அன்று மலேசிய மண்ணில்தான் நடந்தது. பினாங்கில், ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் கடைவாசல் ஒலிபெருக்கிகள் புதுப்படப் பாட்டை ஓயாமல் ஒலிக்கவிடும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ரஜினி படம் என்பது குடும்பத்தோடு போய்ப் பார்ப்பது, பார்த்துவிட்டு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து விவாதிப்பது. அதே வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘டாக்டர் ஹூ’வும் ‘ஸ்டார் டிரெக்’கும் பார்த்தவர்கள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிற இந்தத் தலைமுறைதான் பழைய ரசிகர்களைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கொண்டுவருகிறது. அந்தப் பெண்ணிடமோ, பின்பாதியில் கடத்தப்படும் நாயகி சனாவிடமோ, யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

தீ விபத்துக் காட்சியில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் படத்தின் பக்கம் நிற்கிறார்கள். உயிர் போகும் நேரத்தில் சம்மதம் கேட்க நேரமேது? மயங்கிக் கிடப்பவரை மருத்துவர் கையெழுத்துக்குக் காத்திராமல் காப்பாற்றுவதில்லையா? குற்றம் அவளைப் படம் பிடித்த கேமராக்களுடையது, வேடிக்கை பார்த்த கூட்டத்துடையது, அதைத்தான் இயக்குநர் ஷங்கர் காட்டியிருக்கிறார் என்பது அவர்கள் வாதம். மறு சாராருக்குக் காட்சி நடந்த விதத்தைவிட, கதை அதை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதில்தான் மனக்குறை. அந்தப் பெண்ணின் சாவு வசீகரன், போரா என்ற இரண்டு ஆண் விஞ்ஞானிகளுக்கு இடையிலான வழக்கில் ஒரு சான்றாக வந்து போகிறது. வசீகரன் தன் ரோபோவுக்கு மனித உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்க வேண்டிய காரணம் கிடைத்துவிடுகிறது. அவள் குடும்பத்துக்கு என்ன ஆனது என்று கதை திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்கப் படக்கதை ரசிகர்கள் இந்த உத்தியை முன்பே அடையாளம் கண்டிருந்தார்கள். நாயகனின் கதையை நகர்த்துவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலொன்றை 1999இல் கெயில் சிமோன் தொகுத்தார். ‘கிரீன் லான்டர்ன்’ கதையில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த சம்பவம் அந்தப் பட்டியலுக்கே பெயர் தந்தது. சிமோன் அப்போது ஒரு வாசகி. பின்னாளில் ‘வொண்டர் வுமன்’ படக்கதையையே எழுதும் இடத்துக்கு வந்தார்.

தமிழ்க் காட்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடலைப் பிறர் பார்த்துவிட்டால் ஒரு பெண் சாவது இயல்பு என்று கதை எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து ரோபோவுக்குக் கிடைக்கும் பாடம் ‘மானம் என்று ஒன்று உண்டு’ என்பது. ‘அவளைக் கேள், ஒரு துண்டையாவது எடுத்துப் போர்த்து’ என்பது அந்தப் பாடத்தில் இல்லை. மானத்தைக் கற்றுக்கொண்ட இயந்திரம் சம்மதத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. படத்தின் பின்பாதி முழுவதும் அந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. இயக்குநர் இதை நினைத்துச் செய்தாரா என்பது வேறு. படத்தில் அது இருக்கிறது.

வசீகரனின் காதலி சனாவின் சகோதரிக்குப் பிரசவம் பார்க்கிறது சிட்டி. நன்றியில் சனா அதன் கன்னத்தில் முத்தமிடுகிறாள். அந்த முத்தத்தைச் சிட்டி காதல் என்று படிக்கிறது. ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் ஆயுதமாகத் தன்னை நிரூபிக்க வேண்டிய நேரத்தில் காதல் கவிதை பேசுகிறது. ஆத்திரமடைந்த வசீகரன் அதை வெட்டிக் குப்பையில் வீச, பேராசிரியர் போரா எடுத்துச் சிவப்புச் சில்லைப் பொருத்துகிறார். பிறகு மணமேடையிலிருந்து சனா கடத்தப்படுகிறாள்.

சிட்டியை நேசிக்கும் ரசிகர்கள் இந்த இடத்தில் சிவப்புச் சில்லைத் துணைக்கு அழைக்கிறார்கள். கெடுதல் செய்தது சில்லு, சிட்டி குழந்தை போன்றது என்கிறார்கள். படமும் அப்படித்தான் நம்பச் சொல்கிறது. சில்லை எடுத்ததும் சிட்டி பழைய சிட்டியாகிறது. நீதிமன்றத் தீர்ப்பின்படி அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும்போது எல்லோர் கண்ணிலும் நீர். ஆனால் காலவரிசையைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. சனா தனக்குரியவள் என்ற எண்ணம் சில்லுக்கு முன்பே வந்துவிட்டது. சில்லு கொடுத்தது வலிமையையும் படையையும் மட்டுமே.

இதைவிட நுட்பமான ஒன்றையும் ரசிகர்கள் கவனித்திருக்கிறார்கள். மனிதப் பெண்ணும் இயந்திரமும் சேர முடியாது, அது இயற்கைக்குப் பொருந்தாது என்று சிட்டிக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. பின்பாதியில் மனிதக் கூறும் இயந்திரக் கூறும் கலந்த குழந்தைக்கு வழி கண்டுவிட்டதாகச் சிட்டி அறிவிக்கிறது. அதாவது சனாவின் மறுப்பு ஒரு பொறியியல் தடையாகப் புரிந்துகொள்ளப்பட்டு, தீர்த்துவைக்கப்படுகிறது. ‘எனக்கு விருப்பமில்லை’ என்பது போதுமான காரணமாக அந்தக் கதையில் எங்கும் நிற்கவில்லை. அவள் வேறொருவருக்கு நிச்சயமானவள் என்பது காரணம், சிட்டி இயந்திரம் என்பது காரணம். இந்தக் காரணங்கள் இல்லாத ஆண் ஒருவன் இதையே செய்தால் தமிழ் சினிமா அதை என்னவென்று அழைத்திருக்கும்? பல பத்தாண்டுகளாகக் காதல் என்றே அழைத்துவந்தது.

அறிவியல் புனைவு இந்த விவாதத்துக்கு ஏன் இவ்வளவு வாகாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. சாதாரணக் காதல் படத்தில் நாயகன் பெண்ணைப் பின்தொடரும்போது பாட்டும், நண்பனின் நகைச்சுவையும், நாயகன் மீதான நம் பாசமும் கண்ணை மறைத்துவிடும். அந்த நாயகனின் இடத்தில் ஒரு ரோபோவையோ, காலத்தை நிறுத்தும் கடிகாரத்தையோ, வேற்றுக்கிரகத்தவனையோ வைத்தால் மிச்சமிருப்பது செயல் மட்டும்தான். பழகிய செயல் திடீரென்று அந்நியமாகத் தெரிகிறது. ரசிகர்கள் சண்டைபோடுவது இயந்திரத்தைப் பற்றி அல்ல. பழகிப்போன அந்தச் செயலைப் பற்றித்தான்.

தமிழில் விண்வெளி முதன்முதலாகத் திரைக்கு வந்ததே ஒரு கடத்தலோடுதான். ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யில், வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவன் நாட்டில் எல்லாம் உண்டு, கலை மட்டும் இல்லை. அதனால் இசையில் தேர்ந்த பெண்ணொருத்தியைப் பூமியிலிருந்து தூக்கிச் செல்கிறான். நோக்கம் உயர்ந்தது, செயல் கடத்தல். அந்தப் படத்தைக் குழந்தைகள் கதையாக ரசித்தவர்கள் பலர். மலாய்த் திரையிலும் அந்தக் காலத்தில் இதற்கு இணையான ஓர் உருவம் உலவியது. இரவில் வந்து பெண்களைத் தூக்கிச் செல்லும், உடலெங்கும் எண்ணெய் பூசிய ‘ஓராங் மின்யாக்’. பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1958இல் இயக்கி நடித்த ‘சும்பா ஓராங் மின்யாக்’ அந்த நாட்டார் அச்சத்தின்மேல் எழுந்த படம். விண்கலத்தில் வந்தாலும் இருட்டில் வந்தாலும், பெண்ணைத் தூக்கிப் போவது கதைக்குத் தொடக்கமாக இருந்தது. தூக்கிச் செல்லப்பட்டவள் என்ன நினைத்தாள் என்பது கதையாகவில்லை.

எழுத்தாளர் சுஜாதா வேறு வழியில் போனவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’, எதிர்காலத்துச் சர்வாதிகார நாடொன்றில் நடக்கிறது. அங்கே பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். நிலாவும் சிபியும் அந்த அனுமதிக்குக் காத்திருந்த தம்பதி. கருப்பை அரசுடைமையான உலகத்தைத் தமிழ் வார இதழ் வாசகர்கள் ஆர்வத்தோடு படித்தார்கள். அவர்கள் நினைவில் அதிகம் தங்கியது ஜீனோ என்ற இயந்திர நாய்தான். அது புரிந்துகொள்ளக்கூடியதே, ஜீனோ அவ்வளவு இனிமையான படைப்பு. ஆனால் இப்போது மறுவாசிப்புச் செய்பவர்கள் நிலாவிடம் நிற்கிறார்கள். குழந்தை பெறும் உரிமை அவள் கையில் இல்லை, வீட்டில் யார் தங்குவது என்பதும் அவள் கையில் இல்லை. இரண்டாம் பகுதியான ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் ராணியாக்கப்படுகிறாள், அப்போதும் அதிகாரம் வேறு கைகளில். சுஜாதா இதைக் குற்றச்சாட்டாக எழுதினாரா, கதைச் சூழலாக மட்டும் எழுதினாரா என்பதில் வாசகர்கள் ஒத்துப்போவதில்லை. நிலாவின் திகைப்பிலிருந்தே கதை தொடங்குவதால், அவர் தெரிந்தே செய்தார் என்று கொள்வதுதான் நியாயம்.

‘எந்திரன்’ வசனத்திலும் சுஜாதாவின் கை உண்டு. படம் முடியும் முன்பே, 2008 பிப்ரவரி 27 அன்று அவர் காலமானார். 2018 நவம்பர் 29 அன்று வந்த அதன் இரண்டாம் பாகமான ‘2.0’வுக்கு ஷங்கரோடு ஜெயமோகன் எழுதினார். அதில் வரும் பெண் ரோபோவின் பெயரும் நிலா. அந்த நிலாவுக்கும் இந்த நிலாவுக்கும் தூரம் அதிகம். படத்தில் நிலா என்பது, இனிமையும் அறிவும் அழகும் உள்ள உதவியாள் என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. ஏமி ஜாக்சன் நடித்த அந்த ரோபோ வசீகரனுக்கு உதவுகிறது, பிறகு சிட்டியோடு இணைகிறது. சனா தொலைபேசிக் குரலாக மட்டும் வந்துபோகிறாள். முதல் படத்தில் மறுத்த பெண் குரலாகச் சுருங்க, இரண்டாம் படத்தில் மறுக்கத் தேவையில்லாத பெண் உருவாக்கப்பட்டுவிட்டாள்.

இது மிகைப்பட்ட வாசிப்பு என்பவர்கள் உண்டு. ‘2.0’ நகைச்சுவையும் பிரம்மாண்டமும் கலந்த குடும்பப் படம், பறவைகளுக்காகப் பேசிய படம், அதில் போய்ப் பெண்ணியம் தேடலாமா என்று கேட்கிறார்கள். தேடவே வேண்டியதில்லை, உதவியாள் பெண்ணுருவில்தான் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவான விஷயமாகப் படத்தில் இருக்கிறது. படத்துக்கு வெளியிலும் அப்படித்தான். குரல்வழி உதவிச் செயலிகளுக்குப் பெண்குரலும் பணிவும் கொடுக்கப்படுவதைப் பற்றி யுனெஸ்கோ 2019இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. தன்னை இழிவாகப் பேசுபவரிடமும் அந்தக் குரல் குழைந்து பதில் சொல்லும்படி வடிவமைக்கப்பட்டிருந்ததை அது எடுத்துக்காட்டியது.

2016 மே 6 அன்று வெளியான ‘24’ இந்த விவாதத்தில் தனியிடம் பெறுகிறது. விக்ரம் குமார் இயக்கிய படம். சூர்யா மூன்று வேடங்களில் நடித்தார். கடிகாரம் பழுதுபார்க்கும் மணியின் கையில் காலத்தைப் பின்னுக்குத் தள்ளவும் உறையவைக்கவும் வல்ல கைக்கடிகாரம் கிடைக்கிறது. அதை அவன் முதலில் பயன்படுத்தும் விஷயங்களில் ஒன்று, சமந்தா நடித்த சத்யாவின் மனத்தைக் கவர்வது. நேரத்தை நிறுத்துகிறான், திருப்புகிறான், அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி நடக்கிறான். திரையரங்கில் சிரிப்பலை. சத்யா விரும்பித்தானே காதலிக்கிறாள், இதில் பலாத்காரம் எங்கே என்று படத்தின் ரசிகர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு வரும் பதிலும் கனமானது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபோது, உறைந்த நேரத்தில் அவள் உடல் அவன் முன் அசையாமல் நிற்கும்போது, பின்னர் அவள் தரும் சம்மதம் எதற்கான சம்மதம்? ஹாலிவுட்டில் 1993இல் வந்த ‘கிரவுண்ட்ஹாக் டே’ இதே சோதனையைச் செய்து பார்த்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் நாயகன், பெண்ணின் விருப்பங்களை மனப்பாடம் செய்து அவளை வெல்லப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அறை வாங்குகிறான். அந்தத் தந்திரம் தோற்பதே அந்தப் படத்தின் கதை. ‘24’இல் தந்திரம் வெல்கிறது.

‘24’ வெளியாகி ஏழு வாரங்களில், 2016 ஜூன் 24 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒருதலைக் காதலோடு பின்தொடர்ந்தவர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. அந்தக் கொலைக்கும் எந்தப் படத்துக்கும் நேர்க் காரணத் தொடர்பு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பெண்ணைத் துரத்துவதைக் காதலாகக் காட்டுவதை நிறுத்துங்கள் என்று தமிழ்த் திரையுலகை நோக்கி மனு எழுதப்பட்டது அதன் பிறகுதான். ரசிகர்களின் சண்டைக்கு அந்த வாரத்தில் வேறொரு குரல் வந்துவிட்டது. ‘படம்தானே’ என்ற பதிலைச் சொல்பவர்கள் அதன் பின் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

மலேசியாவில் சட்டம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. பின்தொடர்தல் 2023 மே 31 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ் குற்றம். மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024இல் புகார்களை விசாரிக்கத் தொடங்கியது. 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. பேச்சும் சைகையும் தொல்லையாகலாம் என்று அந்தச் சட்டம் ஏற்கிறது. 1985இல் பினாங்கில் தொடங்கிய ‘விமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச்’ போன்ற அமைப்புகள் இத்தகைய சட்டத்துக்காக நெடுங்காலம் உழைத்தவை. ஜார்ஜ் டவுனிலிருந்து இயங்கும் அந்த அமைப்பு வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நிற்பதோடு, பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் உடல் பாதுகாப்பைப் பற்றியும் பேசுகிறது. ‘எந்திரன்’ வந்தபோது பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று அந்தச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்கும் வயதில் இருக்கிறது. சனாவின் வீட்டருகே ரவுடிகள் வம்பிழுக்கும் காட்சி ஒரு காலத்தில் சிரிப்புக் காட்சி. இன்றைய இளையவர்கள் அதில் சட்டப் பிரிவு எண்ணைப் பார்க்கிறார்கள்.

2021 ஏப்ரலில் 17 வயது மலேசிய மாணவி ஒருவர், வகுப்பறையில் ஆசிரியர் பாலியல் வன்கொடுமையை வேடிக்கையாகப் பேசியதைக் காணொளியில் பதிவிட்டார். நாடு முழுவதும் மாணவர்கள் தங்கள் பள்ளி அனுபவங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். எது சிரிப்பு, எது சிரிப்பில்லை என்ற கேள்வி அப்போது வீட்டு முற்றத்துக்கே வந்தது. பழைய படங்களை மறுபடி பார்க்கும் பார்வையும் அந்தச் சூழலில்தான் கூர்மையடைந்தது.

தணிக்கையின் பார்வை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதுதான் வருத்தம். 2022 ஜூனில் பிக்ஸாரின் அறிவியல் புனைவுப் படமான ‘லைட்இயர்’ மலேசியத் திரையரங்குகளுக்கு வரவில்லை. காதல் இணையராக வாழும் இரண்டு பெண்கள் முத்தமிடும் ஒரு கணத்தை வெட்ட டிஸ்னி மறுத்துவிட்டது. அந்த முத்தம் இருவரும் விரும்பிக் கொடுத்துக்கொண்டது. மணப்பெண்ணைத் தூக்கிச் சென்று பிள்ளை பெற்றுத்தரச் சொல்லும் கதையோ குடும்பத்தோடு பார்க்கத் தக்கதாக எல்லோராலும் ஏற்கப்பட்டது. யார் யாரை முத்தமிடுகிறார்கள் என்று எண்ணுபவர்கள், யாருக்கு விருப்பம் இருந்தது என்று பார்ப்பதில்லை. ரசிகர்கள் நடத்தும் விவாதத்தின் பயன் இங்கே துலங்குகிறது. தணிக்கை கேட்க மறந்த கேள்வியை அவர்கள் கேட்கிறார்கள்.

கேட்டால் கதை மாறுமா? மாறிய கதை உண்டு. ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2008 ஜூலை 5 அன்று ஒளிபரப்பான பகுதியில், தன்னோடு பயணித்த டோனா நோபிள் என்ற பெண்ணின் நினைவுகளை நாயகனான டாக்டர் அழித்துவிடுகிறார். அழிக்காவிட்டால் அவள் இறந்துவிடுவாள். ஆனால் அவள் வேண்டாம் என்று மன்றாடுகிறாள். பயணத்தில் தான் ஆகியிருந்த மனுஷியை இழந்து பழைய வாழ்க்கைக்குத் திரும்ப அவளுக்கு விருப்பமில்லை. டாக்டர் கேட்கவில்லை. நாயகன் மீது அளவற்ற அன்பு கொண்ட ரசிகர்களே இந்த முடிவை ஆண்டுக்கணக்காக விசாரித்தார்கள். உயிரைக் காப்பாற்ற அவள் மனத்துக்குள் கைவைக்கலாமா என்பது, ‘எந்திரன்’ தீ விபத்துக் காட்சியில் எழுந்த அதே கேள்வி.

ஏழாண்டு கழித்து, 2015 டிசம்பர் 5 அன்று, ஸ்டீவன் மொஃபட் எழுதிய ‘ஹெல் பென்ட்’ பகுதியில் கிளாரா என்ற தோழிக்கும் அதே நிலை வருகிறது. டாக்டர் மறுபடி நினைவழிக்கும் கருவியை எடுக்கிறார். இந்த முறை கிளாரா அந்தக் கருவியை மாற்றியமைத்து, தன் நினைவுகள் தனக்கே சொந்தம் என்கிறாள். இருவரும் சேர்ந்து விசையை அழுத்த, நினைவை இழப்பவர் டாக்டர். 2023 நவம்பரில் வந்த ‘த ஸ்டார் பீஸ்ட்’ பகுதியில் டோனாவின் நினைவும் திரும்பியது. அதற்குத் துணையாக இருந்தவள் அவளுடைய திருநங்கை மகள் ரோஸ். பதினைந்து ஆண்டுகளில் ஒரு தொடர் தன் பழைய செயலுக்குக் கதைக்குள்ளேயே பதில் சொல்லியிருக்கிறது. தமிழில் ‘2.0’வுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. சனாவைத் திரையில் கொண்டுவந்து, மறுபடி இயங்கத் தொடங்கிய சிட்டியோடு ஒரே ஒரு முறை நேருக்கு நேர் பேசவைத்திருக்கலாம். அவ்வளவு செலவு பிடிக்காத காட்சி அது.

எல்லா விவாதங்களும் இப்படிக் கனிவதில்லை. 2016 டிசம்பரில் வந்த ‘பாஸஞ்சர்ஸ்’ படத்தில், விண்கலத்தில் தனியாக விழித்துக்கொண்ட ஜிம், உறக்கத்தில் இருந்த அரோராவை எழுப்பிவிடுகிறான். எழுப்பினால் அவள் வாழ்நாள் அந்தக் கலத்திலேயே கழியும் என்று தெரிந்தும் எழுப்புகிறான். அவளிடம் உண்மையைச் சொல்லாமல் காதலிக்கிறான். படம் அவனை மன்னித்தது, பார்த்தவர்களில் பலர் மன்னிக்கவில்லை. அரோரா விழிக்கும் கணத்தில் படத்தைத் தொடங்கி, ஜிம்மின் ரகசியத்தை அவளோடு சேர்ந்து நாமும் கண்டுபிடிப்பதுபோல் காட்சிகளை மாற்றி அடுக்கினால் இது ஒரு திகில் படமாகும் என்று ரசிகர்கள் காட்டினார்கள். அது விமர்சனத்தின் மிகச் சிறந்த வடிவங்களில் ஒன்று. யார் கண்வழியாகக் கதை சொல்லப்படுகிறதோ அவர் பக்கம் நியாயம் சாய்ந்துவிடும் என்பதை அது கையில் எடுத்துக் கொடுக்கிறது. இதே வேலையை ‘எந்திரன்’ பின்பாதிக்குச் செய்து பார்க்கலாம். நூற்றுக்கணக்கான சிட்டிகள் காவல் நிற்கும் கட்டடத்தில் அடைபட்ட சனாவின் கண்வழியாக.

ஆண்கள் பாதிக்கப்படுவதைப் பற்றிய விவாதம் இதில் பின்தங்கியே வருகிறது. 2017இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’ மலேசியர்களுக்கு நெருக்கமானது. ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ அதில் கேப்டன் ஜார்ஜியோவாக நடித்தார், அந்தப் பாத்திரத்தின் சொந்த ஊரோ லங்காவித் தீவு. அதே தொடரில் ஆஷ் டைலர் என்ற அதிகாரி, எதிரி இனமான கிளிங்கான்களின் சிறையில் ஒரு பெண் கிளிங்கான் தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதைச் சொல்லி உடைகிறான். ஆண் ஒருவன் அப்படிப் பேசுவது அரிது என்று ரசிகர்கள் நெகிழ்ந்தார்கள். சில வாரங்களில் அவன் உண்மையில் உருமாற்றப்பட்ட எதிரி என்று கதை திரும்பியது. அவன் வேதனை திருப்பத்துக்கான தூண்டிலாகிவிட்டதே என்று ஒரு பகுதியினர் கொதித்தார்கள். உருமாற்றமே இன்னொரு வன்முறைதான் என்று மறுபகுதியினர் வாதிட்டார்கள். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, வன்புணர்வை ஆண் பெண்ணுக்கு இழைக்கும் குற்றமாகவே வரையறுக்கிறது. அந்தப் பின்னணியில் டைலரின் காட்சி பினாங்கில் பார்க்கப்படுவதற்கு வேறு எடை உண்டு.

பினாங்கு மண்ணிலேயே நடக்கும் கதை ஒன்றும் இந்த வரிசையில் சேரும். மலேசிய எழுத்தாளர் ஜென் சோவின் ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ நாவல் 2021இல் வந்தது. அறிவியல் புனைவென்று அதைச் சொல்ல முடியாது, பேயும் தெய்வமும் உலவும் மிகுபுனைவு. அமெரிக்காவிலிருந்து பினாங்குக்குத் திரும்பும் ஜெஸ் என்ற பெண்ணுக்குள் இறந்துபோன பாட்டியின் குரல் புகுகிறது. பாட்டி தன் பழைய கணக்கைத் தீர்க்கப் பேத்தியின் உடலை எடுத்துக்கொள்கிறாள். பாட்டிக்கு நியாயமான கோபம் உண்டு, பேத்தி மேல் பாசமும் உண்டு. இருந்தும் அவள் கேட்காமல் எடுத்துக்கொள்கிறாள். சாமி வருவதையும் அருள் வாக்கையும் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த இடம் உடனே விளங்கும். உடலை எடுத்துக்கொள்வது எப்போதும் அந்நிய ஆணின் கை மட்டும் அல்ல, அன்புள்ள சொந்தக்காரியின் கையும்தான் என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன கதைகள் குறைவு. நாவலில் ஜெஸ் தன் காதலியைப் பற்றிக் குடும்பத்திடம் சொல்ல முடியாமல் தவிப்பதும் இதோடு பின்னிக் கிடக்கிறது. தன் உடலைப் பற்றித் தானே பேசும் உரிமை அங்கேயும் அடைபட்டிருக்கிறது.

இப்போது விவாதம் நிற்கும் இடம் ‘கல்கி 2898 ஏடி’. நாக் அஸ்வின் இயக்கி 2024 ஜூன் 27 அன்று வந்த தெலுங்குப் படம், தமிழிலும் வெளியானது. கமல்ஹாசன் நடித்த சுப்ரீம் யாஸ்கின் நடத்தும் கோட்டையில், கருத்தரிக்கும் தன்மையுள்ள பெண்கள் ஆய்வுக்கூடப் பொருள்களாக அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, எண் உண்டு. எஸ்யுஎம்-80 என்ற எண்ணுள்ள பெண்ணாகத் தீபிகா படுகோன் நடித்தார். தப்பி வந்த பிறகுதான் அவளுக்குச் சுமதி என்று பெயர் கிடைக்கிறது, அதுவும் இன்னொரு பெண் வைத்தது. சுஜாதாவின் அனுமதிச் சீட்டு இங்கே ஊசியும் குழாயுமாக மாறியிருக்கிறது.

ரசிகர்களில் ஒரு பகுதி இதைத் துணிச்சலான படிமம் என்கிறது. கட்டாயக் கருத்தரிப்பைக் கொடுமை என்று தெளிவாகக் காட்டிய பெரிய இந்தியப் படம் வேறு எது என்று கேட்கிறார்கள். இன்னொரு பகுதிக்கு மனக்குறை, தப்பித்த பின்னும் அவள் கருவைச் சுமப்பவளாகவே நடத்தப்படுகிறாள் என்பதில். கோட்டைக்கு அவள் கரு வேண்டும், காப்பாற்ற வந்தவர்களுக்கும் அந்தக் கருதான் வேண்டும். அவளைக் காக்க வந்த அசுவத்தாமன் வாள் ஏந்துவது பிறக்கப்போகும் குழந்தைக்காக. இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. எதிரியின் கொடுமையைக் காட்டத் தெரிந்த படத்துக்கு, நண்பர்களின் அவசரத்திலும் அதே கொடுமையின் சாயல் உண்டு என்பதைக் காட்ட நேரம் போதவில்லை.

2025 செப்டம்பரில் தயாரிப்பு நிறுவனமான வைஜெயந்தி மூவிஸ், இரண்டாம் பாகத்தில் தீபிகா படுகோன் நடிக்கமாட்டார் என்று அறிவித்தது. அடுத்த சுமதி யார் என்ற ஊகத்தில் பெரும்பாலான ரசிகர்கள் இறங்கிவிட்டார்கள். முதல் பாகத்தில் சுமதிக்குக் கிடைத்த வசனம் சொற்பம். அடுத்த பாகத்தில் அவளுக்கு எத்தனை பக்க வசனம் எழுதப்படும், தன் வயிற்றைப் பற்றி அவளை யாராவது கேட்கும் காட்சி இருக்குமா என்று பேசுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.